லிந்துலை ஆற்றங்கரையிலே

ஆற்றைக் கண்டால் அது எப்போது வற்றும் என்று கேட்பவன் யாழ்ப்பாணத்தான் என மலைநாட்டு நண்பர் ஒருவர் நம்மைக் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. எங்கள் குடாநாட்டிலே வழுக்கையாறு என ஒன்று உண்டு. மாரி காலத்திற் சில வாரங்கள் ஓடிவிட்டு, மற்ற மாதங்களில் வயலோடு வயலாய்க் கிடக்கும். ஆவியாகாது எஞ்சும் மழையிற் பெரும்பங்கு சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுள் இறங்கிக் கிணறுகளைச் சேர்ந்துவிடும். துலா மிதித்த தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு, நீர் என்றால் நிலத்தின் கீழே இருப்பது. அது நிலத்தின் மேலே, கண்முன்னே, இரைச்சலோடு ஓடும் பொருள் என்பதை மலைநாட்டுக் கல்லூரி ஒன்றிற் புவியியல் கற்பிக்க வந்த பின்னரே முழுதும் உணர்ந்தோம்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவ மாணவியர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு லிந்துலைக்குப் புறப்பட்டோம். பயணத்தின் நோக்கம் சொல்வதற்கு எளிது: ஒரு பெரிய மலைப்பிரதேசத்தின் மேல் மழை பெய்கிறது, அதில் எவ்வளவு நீர் தரைமேல் ஓடி ஆற்றைச் சேர்கிறது? பாடநூலில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அரைப் பக்கத்தை ஆற்றங்கரையிலே நின்று படித்துப் பார்ப்போம் என்று நினைத்தோம்.

ஹட்டனை விட்ட புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளுக்குள் புகுந்து, பிள்ளைகளின் கூச்சலோடு மறுபக்கம் வெளிவந்தது. கொட்டகலையைத் தாண்டியதும் ஒரு பக்கத்து ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் குவிந்தன. டெவோன் நீர்வீழ்ச்சியும், சிறிது நேரத்தில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியும் பள்ளத்தாக்கின் அப்பாலே தெரிந்தன. சென்கிளேயரை ‘இலங்கையின் குட்டி நயாகரா’ என்று முன்னோர் அழைத்தார்கள். இன்றோ அது அணைக்கட்டு அளந்து விடும் தண்ணீரில் வாழ்கிறது. தலவாக்கலை நகரை ஒட்டிக் கொத்மலை ஓயாவை மறித்துக் கட்டிய மேல் கொத்மலை அணை 2012ஆம் ஆண்டு முதல் தொழிற்படுகிறது. மறித்த நீர் பதின்மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, 150 மெகாவாற் மின்சாரம் தரும் பொறிகளைச் சுழற்றுகிறது. நீர்வீழ்ச்சியின் அழகு கெடாதிருக்கப் பகல் வேளையில் ஒரு பங்கு நீரை விடுவதென ஏற்பாடு. பகலில் அருவி, இரவில் பாறை! இதை நன்று என்பதா தீது என்பதா? வீட்டில் விளக்கெரிவதை விரும்பும் நாம் வாயை மூடிக்கொள்வதே மரியாதை.

தலவாக்கலையில் இறங்கி அணையின் அருகே சிறிது நேரம் நின்றோம். “சேர், இவ்வளவு பெரிய ஆற்றுக்கு இந்தக் குளம் சின்னதாக இருக்கிறதே” என்றான் ஒரு மாணவன். நல்ல கேள்வி. குறிப்பேடுகளை வெளியே எடுக்கச் சொன்னோம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஆயிரம் கன மீற்றர் நீர், அதாவது பத்து இலட்சம் லீற்றர். இந்த அணைக்கு மேலேயுள்ள நீரேந்து பரப்பு சுமார் 310 சதுர கிலோமீற்றர். குளத்திற் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு சுமார் எட்டு இலட்சம் கன மீற்றர். வகுத்துப் பார்த்தார்கள். அந்த 310 சதுர கிலோமீற்றரின் மேலும் இரண்டரை மில்லிமீற்றர் கனத்துக்கு விரித்த நீர்தான் இந்தக் குளம்! ஒரு சிறு தூறலுக்குச் சமம். பொறிகள் முழு வலிமையோடு ஓடினால் வினாடிக்கு 37 கன மீற்றரளவு நீர் வேண்டும். அப்படியாயின் குளம் ஆறு மணித்தியாலத்துக்கே போதும். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும் நேரத்துக்கென நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி இது; வெள்ளத்தை விழுங்கக்கூடிய வயிறு இதற்கு இல்லை. ஆகவே மேலே மழை கொட்டினால் வரும் வெள்ளம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பக் கதவுகளைத் திறந்தாக வேண்டும்.

எப்படி மதிப்பிடுவது? பழைய சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டு ரைவ்ஸ் என்ற பொறியியலாளர் ஒரு சூத்திரம் தந்தார். நீரேந்து பரப்பின் கனமூலத்தைக் கண்டு, அதை வர்க்கித்து, ஓர் எண்ணாற் பெருக்கிவிட்டால் பெருவெள்ளத்தின் அளவு கிடைக்கும். கடலோரப் பகுதிக்கு அந்த எண் 6.8; மலையடிப் பகுதிக்கு 10.2. நமது 310 சதுர கிலோமீற்றருக்குப் பிள்ளைகள் கணக்கிட்டபோது, வினாடிக்கு 467 கன மீற்றர் என்று வந்தது. தமிழ்நாட்டின் நிலத்துக்குக் கண்ட எண்ணை இம்மலைக்குப் பொருத்துவது தவறு என்பதைச் சொல்லியே செய்வித்தோம். ஆனால் ஒரு மாணவி வேறொன்றைப் பிடித்துவிட்டாள். “சேர், இந்தச் சூத்திரத்தில் மழையே இல்லையே!” உண்மை. பரப்பு உண்டு, பெருக்கும் எண் உண்டு, மழையைக் காணோம். மழைமானிகள் அருகியிருந்த காலத்தில் அறிஞர்கள் அவ்வளவோடு திருப்திப்பட வேண்டியிருந்தது.

பின்வந்தோர் மழையைக் கணக்கில் எடுத்தார்கள். நம் நாட்டில் இத்துறையிலே உழைத்தவர்களுள் தமிழ்ப் பொறியியலாளர் இருவரை மாணவர் அறிந்திருத்தல் நலம். எஸ். ஆறுமுகம் அவர்கள் 1969ஆம் ஆண்டு இலங்கையின் நீர்வளம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல், ஆறு ஆறாக, குளம் குளமாக நாட்டின் நீரைக் கணக்கெடுத்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்த ஏ. ஜே. பி. பொன்றாஜா அவர்கள் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட கைநூலில், நாட்டுப் படத்தின் மேல் வளைகோடுகள் வரையப்பட்டிருக்கும். ஒரு சதுர மைல் நிலம் பெரும்போகத்திலே எத்தனை ஏக்கர் அடி நீர் தரும், சிறுபோகத்திலே எத்தனை தரும் என்பதை அக்கோடுகள் காட்டும். ஆற்றை அளக்க யாரும் இல்லாத காட்டுப் பகுதியிலே சிறு குளம் கட்ட நினைக்கும் பொறியியலாளன் அந்தக் கோட்டைப் பார்த்துத் தன் கணக்கைத் தொடங்குவான். அளந்த இடங்களிலிருந்து அளக்காத இடங்களை ஊகிக்கும் கலை அது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் கூறும் கணக்கையும் பார்ப்போம். ஆண்டுச் சராசரி மழை 1,712 மில்லிமீற்றர். பரப்பாற் பெருக்க, 112 கன கிலோமீற்றர் நீர். அதில் ஆறுகளில் ஓடுவது சுமார் 52. பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி ஆவியாகியும் செடிகொடிகளால் உயிர்க்கப்பட்டும் வானுக்கே திரும்புகிறது. ஆனால் சராசரி என்பது பொல்லாத சொல். எங்கள் யாழ்ப்பாணத்தையும் இந்த லிந்துலையையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் ஊரில் யாரும் குடியிருப்பதில்லை.

தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குப் பஸ்சிற் சில நிமிடப் பயணம். ஒரு வளைவிலே தொடங்கி மறு வளைவிலே முடிந்துவிடும் கடைத்தெரு. ரொட்டியும் பருப்பும் மணக்கும் தேநீர்க் கடைகள், மரக்கறிக் கூடைகள், மழைச்சட்டை விற்கும் நடைபாதைக் கடை. ஒரு சாலை நானுஓயா வழியாக நுவரெலியாவை நோக்கி ஏறுகிறது. மற்றொன்று அக்கரப்பத்தனைக்குப் பிரிகிறது. எந்தப் பக்கம் திரும்பினும் பச்சைக் கம்பளம் என்று எழுதுவது வழக்கம். கம்பளம் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர் சொல். கிட்டச் சென்றால் தேயிலைச் செடியின் அடிமரம் முழங்காலைக் கீறும், கால் சறுக்கும், அட்டை ஏறும்.

முதலில் ஒரு தோட்டத்து அலுவலகத்துக்குச் சென்றோம். அதன் முற்றத்திலே, வேலியிட்ட சிறு சதுரத்துள், ஒரு செப்புப் புனலும் அதன் கீழே ஒரு கலனும் நின்றன. மழைமானி! மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் நூறாண்டுக்கு மேலாக இவ்வாறு மழையை அளந்து எழுதி வந்திருக்கிறார்கள். கொழுந்து எப்போது துளிர்க்கும், உரம் எப்போது போடலாம் என்பதை அறியத் துரைமார் தொடங்கிய வழக்கம். இன்று காலநிலைத் திணைக்களத்துக்கும் நீர்க் கணக்கு எழுதுவோர்க்கும் அது கிடைத்தற்கரிய செல்வம். 1925ஆம் ஆண்டு நிறுவப்பெற்றுத் தலவாக்கலையிலே சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தன் மழைக் கணக்கை வைத்திருக்கிறது.

தோட்டத்துக் கிளாக்கர் ஐயா அன்பானவர். பழைய மழைப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அழகிய சாய்வெழுத்தில், அங்குலக் கணக்கில், நாள்தோறும் ஒரு வரி. மாணவர் ஆவலோடு புரட்டினர். சிறிது நேரத்தில் ஒருவன் தலையைச் சொறிந்தான். சில ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மழை பெய்யவே இல்லை!

கிளாக்கர் ஐயா சிரித்துவிட்டார். “அது வேறொன்றும் இல்லை, சேர். ஞாயிறு ஆபிஸ் பூட்டு. திங்கட்கிழமை வந்து இரண்டு நாள் மழையையும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.”

மாதக் கணக்குக்கு இதனாற் கெடுதி இல்லை. ஆனால் வெள்ளத்தைக் கணிப்பவனுக்கு ஒரு நாள் மழைதான் உயிர். இரண்டு நாட்களில் நிதானமாகப் பெய்த மழையைத் திங்கட்கிழமை ஒரே நாளில் ஏற்றிவிட்டால், நடவாத வெள்ளம் ஒன்று காகிதத்தில் நடந்துவிடும். இதைவிடக் கொடிது, பார்க்காமலே எழுதும் எண். அப்படியும் சில வரிகள் இருந்தன என்று ஐயம் கொள்கிறோம். வாரம் முழுதும் அரை, அரை, ஒன்று, அரை என்று மேகங்கள் அத்தனை ஒழுங்காக நடப்பதில்லை. எழுதியவர் எவரோ, குளிரில் வெளியே போகச் சோம்பியிருப்பார். நாமும் மாணவர் கட்டுரைகளைத் திருத்தாமற் புள்ளியிட்ட இரவுகள் உண்டு. ஆகவே அதிகம் பேசவில்லை.

ஒரு மழைமானி எவ்வளவு நிலத்துக்குச் சாட்சி சொல்லும்? 1911ஆம் ஆண்டு தீசன் என்ற அமெரிக்கர், ஒவ்வொரு மானிக்கும் அதற்கு மிக அண்மையான நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறையைச் சொன்னார். சமவெளிக்கு அது பொருந்தும். இங்கே மலை குறுக்கே நிற்கிறது. ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நேர்கோட்டில் இருபது கிலோமீற்றரும் இல்லாத தலவாக்கலையில் அதன் பாதியும் இல்லை. நுவரெலியாவில் இன்னும் குறைவு, சுமார் 1,900. தென்மேற்குக் காற்று முதல் மலையில் மோதியதும் சுமையை இறக்கிவிடுகிறது. இப்போது வானிலிருந்து செய்மதிகள் மழையைக் கணிக்கின்றன. 2014இல் ஏவப்பட்ட உலக மழைச் செய்மதியைக் கொண்டு தயாரிக்கும் படங்களில் ஒரு கட்டம் ஏறத்தாழ பதினொரு கிலோமீற்றர் சதுரம். லிந்துலையில் வெயிலும் அக்கரப்பத்தனையில் அடைமழையுமாக உள்ள நேரத்தில் அந்தக் கட்டம் என்ன சொல்லும்? அன்று பிற்பகல் நமக்கு இக்கேள்வி வேறு வகையில் வந்து சேர்ந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அலுவலகத்தை விட்டு மலைமேல் ஏறினோம். சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வாய்க்கால்கள். இவற்றைத் தோட்டத்திலே ‘கான்’ என்பார்கள். கோப்பிக் காலத்திலிருந்து கான் வெட்டு ஒரு தனி வேலை. நல்ல கானுக்குள்ளே இடையிடையே சிறு மண்தடுப்பு விட்டிருப்பார்கள். ஓடிவரும் நீர் தடுப்பில் தங்கி, மண்ணைப் படியவிட்டு, பின்பே அடுத்த குழிக்கு வழியும். சரிவின் மேல் விரைந்தோட விரும்பும் நீரை நடக்கப் பழக்கும் வித்தை இது. மாணவர்களுட் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். “எங்க தாத்தா கான் வெட்டுறதுல கெட்டிக்காரர், சேர். கொந்தரப்புக்கு எடுப்பார்” என்றான் ஒருவன். தாத்தாவின் மண்வெட்டி ஆற்றின் வெள்ளத்தைக் குறைத்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இந்நாளில் ஆட்குறைவினால் பல மலைகளில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன என்று அங்கே வேலை செய்தோர் சொன்னார்கள். நாம் பார்த்த இரண்டு மலைகளுள் ஒன்றில் அது மெய்யாகவே இருந்தது.

இதன் விலை என்ன? 1950களில் அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவையினர் ஒரு முறையை வகுத்தனர். நிலத்துக்குப் பூச்சியம் முதல் நூறு வரை புள்ளியிடுவது. நாம் மாணவருக்கு இடுவது போலத்தான். ஆனால் இங்கே அதிகப் புள்ளி பெறுவது நிலத்துக்கு இழுக்கு. நீரைக் குடிக்கும் நிலத்துக்குக் குறைந்த புள்ளி, உமிழும் நிலத்துக்குக் கூடிய புள்ளி. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 70 புள்ளி பெற்ற நிலத்திலிருந்து 33 மில்லிமீற்றர் நீர் ஓடும். 85 புள்ளி பெற்ற நிலத்திலிருந்து 61 ஓடும். மழை அதே மழைதான். 310 சதுர கிலோமீற்றரின் மேல் பெருக்கினால், முதலாவது ஒரு கோடி கன மீற்றருக்குச் சற்று மேல். இரண்டாவது ஏறக்குறைய ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம். தலவாக்கலையிலே நாம் கண்ட குளத்தில் எட்டு இலட்சம் கொள்ளும் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

வெற்று மண்ணும், தூர்ந்த கானும், முன்னமே ஒரு வாரம் நனைந்து ஊறிய சரிவும் அந்தப் புள்ளியை ஏற்றும். அடர்ந்து மூடிய தேயிலையும், புதுக்கன்று நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்காக வளர்க்கும் குவாத்தமாலாப் புல்லும், காடும் அதை இறக்கும். காடு என்றதும் ஒரு பழைய செய்தி. கோப்பிக்காக மலையெல்லாம் வெட்டி வெளியாக்கிய காலத்தில், 1873ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்துப் பணிப்பாளர் ஜோசப் ஹுக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டவே கூடாது என இலங்கை அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். ஹோட்டன் சமவெளியின் காடு தப்பியது அதனால்தான். அந்தச் சமவெளியின் பக்கத்திலே பிறக்கும் அக்ரா ஓயாதான் அக்கரப்பத்தனை வழியாக லிந்துலைக்கு வந்து, நானுஓயாவின் நீரும் சேரக் கொத்மலை ஓயாவாகி, மகாவலியிற் கலந்து, முடிவிலே திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடைகிறது. மூதூர் விவசாயியின் வயலுக்கு எட்டும் நீரில் ஒரு பங்கு, இந்த மேட்டுக் காட்டின் பாசி சொட்டிய நீர்.

நண்பகலுக்குப் பின் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். வெயில் சுளீரென்று அடித்தது. ஆற்றை அளக்கும் ஏழைகளின் முறையை மாணவருக்குக் காட்டுவது நோக்கம். இருபது மீற்றர் நீளத்தைக் கயிற்றால் அளந்து, மேல்முனையில் ஒரு தோடம்பழத்தை எறிந்து, அது கீழ்முனையை அடையும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். இருபத்தைந்து வினாடி. வேகம் வினாடிக்கு 0.8 மீற்றர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட விரைவாக ஓடுமாதலால் 0.85ஆற் பெருக்கித் தணிக்க வேண்டும். அகலம் ஒன்பது மீற்றர். தடியை ஊன்றிப் பல இடங்களில் எடுத்த ஆழத்தின் சராசரி 40 சென்ரிமீற்றர். பெருக்க, வினாடிக்கு 2.4 கன மீற்றர் என்று வந்தது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. மூவர் முழங்கால் நீரில் நின்றுகொண்டு இன்னொரு முறை அளக்கலாம் என்றார்கள். நாமும் கரைக் கல்லொன்றில் அமர்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்போது மேட்டிலிருந்து ஒரு குரல். விறகுக் கட்டோடு நின்றார் ஒரு மூதாட்டி.

“ஐயா, புள்ளைகள மேல ஏறச் சொல்லுங்க.”

“ஏன் பாட்டி? மழை இல்லையே” என்றோம்.

“இங்க இல்ல. அக்கரப்பத்தனப் பக்கம் பாருங்க, கருத்துக் கெடக்கு. ஆத்துச் சத்தமும் மாறிப்போச்சு. ஏறுங்க சாமி, ஏறுங்க.”

நமக்குச் சத்தத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆயினும் பிள்ளைகள் நமது பொறுப்பு, எழுந்து அழைத்தோம். ஒருவன் “இந்த ஒரு தடவை மட்டும், சேர்” என்றான். நாம் கோபமாகப் பேசுவது அரிது. அன்று பேசினோம். எல்லோரும் மேட்டுக்கு ஏறிப் பத்து நிமிடம் கழிந்திருக்காது. முதலில் இலைகளும் சருகும் மிதந்து வந்தன. பின்பு ஓரங்களில் நுரை. அதன்பின் நீரின் நிறம் தேநீர்ச் சாயம் போலாகி, நாம் உட்கார்ந்திருந்த கல் நம் கண்முன்னே மறைந்தது. பிள்ளைகள் பேச்சற்று நின்றனர். வெயில் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. லிந்துலையில் ஒரு துளி மழை இல்லை.

வாத்தியார் புத்தி விடுவதில்லை. நடுக்கம் அடங்கியதும் மேட்டிலிருந்தபடியே கணக்கிட்டோம். மிதந்த கிளையொன்று அந்த இருபது மீற்றரைப் பத்து வினாடியிற் கடந்தது. அகலம் பதினொரு மீற்றர், ஆழம் ஒரு மீற்றருக்கு மேல். வினாடிக்கு இருபது கன மீற்றரளவு; சற்று முன் அளந்ததைவிட எட்டு மடங்கு. இடைப்பருவக் காலத்திலே காலை வெயிலும் பிற்பகல் இடியும் இயல்பு என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவர் நாம். நீரேந்து பரப்பு என்றால் தலைக்கு மேலுள்ள வானம் மட்டுமன்று என்பதையும் எழுதுவோம். எழுதிய கையே பிள்ளைகளை ஆற்றுக்குள் இறக்கியது. அந்த மூதாட்டி அவ்வழியே வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் இரவில் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பாட்டியிடம் ஆற்றின் சத்தம் எப்படி மாறியது என்று கேட்டோம். விளக்கத் தெரியவில்லை அவருக்கு. “கல்லு பேசுறது கேக்காமப் போயிரும், ஐயா” என்றார். ஆழம் கூடக் கூடச் சிறு கற்களின் மேலான சலசலப்பு அமுங்கிவிடுவதைச் சொன்னார் போலும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவராம். தோடம்பழத்தை என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டது தனிக்கதை.

திரும்பும் வழியிற் பேச்சு வேறாகிவிட்டது. ஆற்றோரம் இருப்போருக்கு வெள்ளம். சரிவிலே இருப்போருக்கு மண். ஓடாத நீர் மண்ணுள் ஊறிக் கனத்தால் மலையே இறங்கிவிடும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்ததை மாணவர் அறிவர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்துள்ள அளவுகள் எளியவை: ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் விழிப்பு, 100 என்றால் புறப்பட ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். அந்த மூன்று எண்களும் பயன்பட வேண்டுமாயின், அந்தந்த மலையிலே யாரேனும் மழையை அளந்தாக வேண்டும். எங்கோ பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மானி போதாது என்பதைத்தான் அன்று ஆறு காட்டியது.

மறு வாரம் வகுப்பிலே பன்னிரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் கழுத்தை அறுத்து, தலைகீழாகப் புனலாகச் செருகி, பக்கத்தில் மில்லிமீற்றர்க் கோடு ஒட்டினோம். இருநூறு வரைக்கும் கோடு. அதற்கு மேல் போத்தலில் இடமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டருகே, மரநிழல் படாத இடத்தில் நட்டு, காலை எட்டரை மணிக்கு அளவெடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு மாதத்தில் எட்டுப் பேர் விட்டுவிட்டனர். ஒரு போத்தலை ஆடு தின்றதாகவும் சொன்னார்கள். நான்கு பேர் தொடர்ந்தனர். ரைவ்ஸின் சூத்திரத்தில் மழையைத் தேடிய அந்த மாணவி அவர்களுள் ஒருத்தி. அக்கரப்பத்தனைப் பக்கத்திலே, ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் அவள் வீடு. நாள்தோறும் தொலைபேசியில் ஒரு வரி வரும்: “12, சேர்.” “0, சேர்.” ஞாயிற்றுக்கிழமையும் வரும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டின் மேல் கொட்டித் தீர்த்ததையும், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்த பேரழிவையும் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சில நாட்கள் பாதையும் இல்லை, மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அந்த மாணவியிடமிருந்து வரி வராத காலைகளில் நாம் எட்டரை மணியைப் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

ஏழு நாள் கழித்துச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. நூறைத் தாண்டியதும் அவள் பக்கத்து லயத்தாரிடமெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறாள். முதலிற் சிலர் சிரித்தார்களாம்; பின்பு இருட்டுமுன் எல்லாருமாகப் பாடசாலைக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார்கள். லயத்தின் பின்சுவரோடு மண் இறங்கியிருந்ததாம். அதற்கடுத்து, விடுபட்ட நாட்களின் மழையைத் திகதி வாரியாக எழுதியிருந்தாள். ஒரு திகதிக்கு எதிரே மட்டும் எண் இல்லை.

“27: போத்தல் நிறைந்து வழிந்தது. அளவு தெரியாது, சேர்.”